துடியலூர்க் கப்பல்காரரிடம் ஒரு கேள்வி

கோயமுத்தூரிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சுலபத்தில் கடல் வராது. மேற்கே போனால் மலை இடிக்கும், வடக்கேயும் மலை, மற்றப் பக்கமெல்லாம் பருத்தியும் சோளமும். அப்பேர்ப்பட்ட ஊரில் இறங்கி, "கப்பல்காரர் வீட்டுக்கு எப்படிப் போவது?" என்று கேட்டேன். ஒருவராவது சிரிக்க வேண்டாமா? ரயிலடி வெற்றிலைக் கடைக்காரர் பாக்கை நறுக்கிக்கொண்டே, "துடியலூர் பஸ்ஸுல ஏறிக்குங்க. கண்டக்டருகிட்டக் கப்பல்காரருன்னு சொன்னாப் போதும், எறக்கி உட்ருவாரு" என்றார், ஏதோ மாரியம்மன் கோயிலுக்கு வழி சொல்வதுபோல.

நான் பினாங்கில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை பார்ப்பவன். மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் அது. கோயமுத்தூர்ப் பம்பு நன்றாக இறைக்கிறது என்று என் முதலாளியிடம் யாரோ ஓதிவிட்டார்கள். "போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார். செய்தி கேட்டதும் அண்ணி ராஜம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் அண்ணன் சுந்தரம் யுத்தத்தின்போது ஒரு சின்னப் போர்க்கப்பலில் சமையல்காரனாக இருந்தான். ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கப்பல் போய்விட்டது. பதினோரு பேர் ஒரு படகில் பன்னிரண்டு நாள் கிடந்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். பிழைக்காத ஒருவன் எங்கள் அண்ணன். பிழைத்தவர்களில் தாவூது என்ற எங்கள் தெருக்காரர் யுத்தம் முடிந்து வந்து இவ்வளவும் சொன்னார். "கடைசியில தண்ணி கிடைச்சுதா?" என்று அண்ணி கேட்டபோது மட்டும் தரையைப் பார்த்தார். "அதை எங்க கப்பல் தலைவர், அந்தக் கோயமுத்தூர்க் கப்பல்காரர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது" என்று எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து அண்ணி சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர்ச் செம்பை எடுத்தால், குடிக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷமாக அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

"தம்பி, பம்பு கிம்பு எதை வேணும்னாலும் வாங்கிக்குங்க" என்றார் அண்ணி. "எனக்கு ஒரே ஒரு பதில் கொண்டுவாங்க. அவருக்குக் கடைசியில தண்ணி கிடைச்சுதா, இல்லையா? அந்த மனுஷரைக் கேட்டுட்டு வாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

முதல் நாள் பம்புப் பட்டறைகளுக்குப் போனேன். இந்த ஊரில் பட்டறைக்குள் காலை வைத்ததும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் வரும். குடித்து முடித்ததும், "தண்ணி எப்படிங்க இருக்குது?" என்று ஒரு பரீட்சை. சிறுவாணித் தண்ணீராம். தேனாக இருக்கிறது என்று சொல்லும்வரை பம்பைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். நானும் நான்கு பட்டறைகளில் நான்கு முறை "தேனுங்க" என்றேன். எங்கள் பினாங்கில் வருஷம் முழுக்க வானம் ஊற்றுகிறது, ஒருவரும் அதற்குச் சான்றிதழ் கேட்பதில்லை.

இன்னொன்றையும் அன்றே கற்றுக்கொண்டேன். "ஐப்பசிக்குள் இருபது பம்பு கப்பலேற்ற முடியுமா?" என்று கேட்டால் நான்கு முதலாளிகளும் ஒரே முகத்தோடு, "பார்க்கலாமுங்க" என்றார்கள். நானும் மடையன், ஆகா, காரியம் பழம் என்று குதித்தேன். பக்கத்தில் நின்ற கடைசல் தொழிலாளி என்னைப் பாவமாகப் பார்த்து, "ஏனுங்க, பார்க்கலாமுன்னா ஆகாதுன்னு அர்த்தமுங்க. மூஞ்சிக்கு நேராச் சொன்னா மனசு சங்கடப்படுமில்லீங்க" என்றார். மரியாதையிலேயே மனுஷனைக் கொல்கிற ஊர்.

மத்தியானம் துடியலூர் பஸ் ஏறினேன். கவுண்டம்பாளையம் தாண்டியதும் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. எல்லோரும் இறங்கினோம். சாலையோரத்து வீட்டு அம்மணி ஒருத்தர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, முதலில் பிரயாணிகளுக்கு வார்த்தார், அப்புறம் டிரைவருக்கு, மிச்சம் ரேடியேட்டருக்கு. அதுவரை அது புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நின்ற இடத்தில் கப்பல்காரர் புராணம் ஆரம்பமாயிற்று. கண்டக்டர், "ஏழு கப்பலை முழுகடிச்சாருங்க" என்றார். துண்டு போட்ட பெரியவர் ஒருவர், "ஒம்பதுங்க" என்று திருத்தினார். "கேப்டனுங்க." "இல்லீங்க, அட்மிரலுங்க." நானே தாவூதிடம் கேட்டிருக்கிறேன். ஆள் அப்போது வெறும் லெப்டினன்ட். கையிலிருந்தது ஒரே ஒரு கப்பல், அதுவும் முழுகியது. பிறகு கமாண்டராகி ஓய்வு பெற்றார். அதற்கு மேற்பட்ட பதவி உயர்வெல்லாம் மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ்காரர்கள் கொடுத்தது.

வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போர்க்கப்பல் சாம்பல் நிறம் அடித்திருந்தது. வாசலில் ஒரு கப்பல் மணி. அரைமணிக்கு ஒருதரம் அடிப்பார்கள். தோட்டத்து ஆட்கள் அதைக் கேட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். முன்சுவரில் ஒரு வட்ட ஜன்னல் இருந்தது. அதன் சட்டம் கட்டை வண்டிச் சக்கரம். தச்சருக்கு வேறு வட்டம் தெரிந்திருக்கவில்லை.

கப்பல்காரர் காக்கி அரைக்கால் சட்டையோடு வாய்க்காலிலிருந்து ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. "வாங்க, வாங்க" என்றார். சுந்தரத்தின் தம்பி என்று சொன்னேன். என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தார். "சாப்பிட்டுப்போட்டுப் பேசலாமுங்க" என்றார்.

சாப்பிட்டோம். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் பொங்கிய சோறு, அதன் தலையில் நெய், பக்கத்தில் கொள்ளு ரசம். மீன் இல்லாமல் சாப்பிட்டறியாத என் நாக்கே வாயடைத்துப் போயிற்று. சாப்பிட்டதும், "பயணம் பண்ணி வந்திருக்கறீங்க, ஒருக்காப் படுத்து எந்திரிங்க" என்றார். எழுந்தால் காப்பி. காப்பி முடிந்தால், "வாங்க, தோட்டத்தைப் பார்த்துப்போட்டு வருவோம்." இப்படியே பொழுது போய்விட்டது. பெட்டியையும் லாட்ஜிலிருந்து ஆள் விட்டு எடுத்து வரச் செய்துவிட்டார்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை எனக்குச் சொன்னது அவர் மனைவிதான். கணவரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், மாட்டிடம் இரண்டும். அந்த மாட்டுக்கும் "தள்ளி நில்லுங்க"தான்.

"இவரு பதினேழு வயசுலதானுங்க கடலையே பார்த்தாரு, கோழிக்கோட்டுல" என்றார் அந்த அம்மா. "பார்த்ததும் வாந்தி. கரையில நின்னுக்கிட்டே! மாமனாரு, 'பஞ்சு அரவை மில்லுல உக்காரு'ன்னாரு. இவரு கேட்கோணுமே? கெணத்துல நீச்சலடிச்ச தைரியத்துல போயிட்டாருங்க."

கப்பலிலும் கொங்குநாட்டுக்காரர் மாறவில்லையாம். தாவூது எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். தலைக்கு மேல் விமானம் பறக்கிறது, மனிதர் பீரங்கிக்காரனிடம், "ஏனுங்க, அதைக் கொஞ்சம் இக்கட்டால, இந்தப் பக்கமாத் திருப்புங்க" என்றாராம். வெள்ளைக்கார அதிகாரிகள் கத்தினால் காதைப் பொத்திக்கொண்ட ஆட்கள், இவர் 'ங்க' போட்டால் நெருப்பில் குதிப்பார்களாம். என் அண்ணனும் கடிதத்தில் எழுதியிருந்தான்: 'எங்கள் துரை நம் பாஷையில் வாங்க போங்க என்கிறார், இவருக்காக உப்பில்லாமல்கூடச் சமைக்கலாம்.' என்ன அர்த்தமோ, சமையல்காரன் பாராட்டு.

இரண்டாம் நாள் காலையில், இன்று விட மாட்டேன் என்று உட்கார்ந்தேன். "இஸ்கூலுல ஆண்டு விழாங்க. போயிட்டு வந்து பேசலாம்" என்று என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார்.

பந்தல், மாலை, கதர்த் துண்டு எல்லாம் ஆயின. தலைமையாசிரியர் எழுந்தார். ஜெர்மன் சக்கரவர்த்தியின் கப்பற்படையை நமது தலைவர் எவ்விதம் சிதறடித்தார் என்று அரைமணி நேரம் அலை எழுப்பினார். கப்பல்காரர் நாற்காலியிலிருந்தே மெதுவாக, "ஜெர்மன்காரங்களை நான் பார்த்ததே இல்லீங்க" என்றார். தலைமையாசிரியர் அதைத் தன்னடக்கம் என்று சொல்லி அதற்கும் கைதட்டல் வாங்கிக்கொடுத்தார்.

அப்புறம்தான் படகு வந்தது. "பன்னிரண்டு நாட்கள்! ஒரே ஒரு பீப்பாய்த் தண்ணீர்! முறை வைத்துப் பகிர்ந்தளித்து, பதினோரு பேரில் பத்துப் பேரைக் கரை சேர்த்தாரே, அதற்குத்தான் சர்க்கார் பதக்கம்! தலைமைப் பண்பு என்றால் என்ன? இதோ, இதுதான்!" பிள்ளைகள் கை ஓயத் தட்டினார்கள். பதினோராவது ஆளின் தம்பியான நான் முன்வரிசையில் கழுத்தில் சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தேன். நானும் தட்டித் தொலைத்தேன். கப்பல்காரர் தட்டவில்லை. தாவூது பார்த்த அதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். இரட்டைச் சடைப் பெண் ஒன்று எழுந்து, "கடலு எத்தனை கெணறு ஆழமுங்க?" என்றது. அவர் உண்மையாகவே யோசித்தார். "எறங்கி அளக்கலீங்க கண்ணு" என்றார். அன்று அவர் செய்த சொற்பொழிவு அவ்வளவே.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் சண்டை. அதை விளக்க வேண்டும். அங்கே ஒரு கிணறு நான்கு தோட்டத்துக்குப் பங்கு. ஆளுக்கு ஒரு நாள் மோட்டார் ஓட்டுகிற முறை. முறை தப்பி யாராவது இறைத்தால், அவருக்கு அடுத்த முறை கிடையாது. பஞ்சாயத்து, வழக்கு, திட்டு ஒன்றும் கிடையாது. முறை போயிற்று, அவ்வளவுதான். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து இதுதான் சட்டம். அன்று பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் அடுத்தவர் முறையில் அரைமணி நேரம் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். தக்காளி வாடுகிறது என்று அவர் கெஞ்ச, முறை போச்சு என்று மற்றவர்கள் நிற்க, "கப்பல்காரரே சொல்லட்டுமுங்க" என்று எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு, "நீங்களே பேசிக்குங்க" என்று நடையைக் கட்டினார்.

"எப்பவும் இப்படித்தானுங்க" என்றார் மாரப்பன் என்னிடம். "கப்பல் சண்டையிலிருந்து வந்ததுல இருந்து முறைப் பேச்சு எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு. அவரு பங்குத் தண்ணியை யாராச்சும் எடுத்தாக்கூடக் கேட்கறதில்லீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குண்டுக்குப் பயப்படாதவர் நாலு தக்காளிச் செடிக்கு ஓட்டம் பிடிக்கிறாரே! அந்தச் சிரிப்போடுதான் பின்னாலேயே போனேன். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டேன். பிடித்ததும் சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது.

"ஐயா, நான் நெய் திங்க வரலை. எங்க அண்ணனுக்குக் கடைசியில தண்ணி கிடைச்சுதா, இல்லையா? ஆமாம், இல்லை, ரெண்டுல ஒண்ணு. சொல்ல முடியாட்டி முடியாதுன்னாவது சொல்லுங்க. இந்த ஊர்ல அந்த வார்த்தையே கிடையாதா?"

"உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. அவர் மட்டும் சிமெண்டு மேடையில் உட்கார்ந்தார்.

"படகுச் சட்டமெல்லாம் எங்களுக்குப் படிச்சுக் குடுத்திருந்தாங்க. அந்த நேரத்துல ஒண்ணும் ஞாபகத்துல வரலீங்க. வந்தது எங்கூட்டுக் கெணத்துச் சட்டந்தான். காலையில ஆளுக்கு ஒரு மூடித் தண்ணி, பொழுது சாயறப்ப ஒரு மூடி. முறை தப்பி எடுத்தவருக்கு அடுத்த நாள் முறை கெடையாது. சம்மதமான்னு கேட்டேன். எல்லாருமே கையைத் தூக்குனாங்க. உங்க அண்ணன்தான் மொதல்ல தூக்குனாருங்க."

எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டேன்.

"பத்தாம் நாள் உச்சி வெயிலுங்க. எல்லாரும் பாய்த்துணிக்கு அடியில கண்ணை மூடிக் கெடந்தோம். சத்தம் கேட்டுத் திரும்புனேன். உங்க அண்ணன் பீப்பாயைச் சாய்ச்சுக் குடிச்சுட்டு இருந்தாரு. தாவூதும் பார்த்தாரு. நான் திட்டலீங்க, கை ஓங்கலீங்க. 'நாளைக்கு உங்களுக்கு முறை இல்லீங்க'ன்னு மட்டும் சொன்னேன். அவரும் 'சரிங்க ஐயா'ன்னாரு."

"அப்புறம்?"

"அடுத்த நாள் காலையில தாவூதும் இன்னொருத்தரும் அவங்க மூடியை அவருக்குத் தாரேன்னாங்க. நாந்தான் வேண்டாமுன்னேன். முறையைக் கடன் குடுத்தா, குடுக்காதவங்க மேல பொல்லாப்பு வரும், அப்பொறம் கெணத்துல வெட்டுக்குத்துதான். அதையே அங்கயும் நெனச்சுப்போட்டேன். சாயங்காலந்தானுங்க அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். அனலாக் கொதிச்சுது. ரெண்டு நாளாக் காச்சலாம். ஒருத்தருகிட்டயும் சொல்லலை. நான் போட்ட சட்டத்தை நானே உட்டுப்போட்டு மூடியை எடுத்துக்கிட்டு ஓடுனேன். வாய் தொறக்கலீங்க. ஊத்துனது கடைவாயில வழிஞ்சு போச்சு. மக்யா நாள், பன்னண்டாம் நாள் காலையில போயிட்டாரு. மத்தியானம் கப்பல் வந்துது."

கிணற்றுப் பக்கம் மாரப்பனின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கெணத்துல முறை போனா ஒரு வயல் காயும். மறுக்கா வெதைச்சுக்கலாமுங்க" என்றார் அவர். "அதை நான் யோசிக்காமப் போயிட்டேன்."

அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கை எழுந்தே விட்டது. "சட்டம் போட்டுக் கொன்னுட்டீங்களே ஐயா" என்றேன்.

"ஆமாங்க" என்றார்.

அந்த ஊருக்கு வந்து மூன்று நாளில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில். எழுந்து போய் வாய்க்காலில் முகத்தைக் கழுவினேன், கழுவிக்கொண்டே அழுதேன். அழுகையிலும் ஒரு கணக்கு ஓடியது. தாவூதுக்கு யுத்தத்துக்குப் பிறகு நான்கு பிள்ளைகள். நால்வரும் எங்கள் தெருவில்தான் பந்து அடித்து ஜன்னல் உடைக்கிறார்கள். இந்த மனிதரின் முறை இல்லாவிட்டால் அந்தப் பயல்கள் கிடையாது. அப்படியானால் இவரை வாழ்த்துவதா, சபிப்பதா? எந்தத் தலைமையாசிரியரைக் கேட்பது?

நான்காம் நாள் கிளம்பினேன். அந்த அம்மா ஒப்புட்டு என்கிற இனிப்புப் போளியை மூட்டை கட்டிக் கொடுத்தார். கப்பல்காரர் பஸ் நிற்கும் இடம்வரை என் பெட்டியைத் தூக்கி வந்தார். கொடுங்கள் என்றால் கொடுக்கவில்லை.

"நானும் பினாங்குக்கு வாரேனுங்க" என்றார் திடீரென்று. "உங்க அண்ணிகிட்ட நானே சொல்லிப்போடறேன். அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"சொல்லிட்டா உங்களுக்கு நிம்மதி. அவங்களுக்கு?" என்றேன். சுடச்சுடத்தான் சொன்னேன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க சொல்லிப்போடுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க. சொல்லுவீங்களா?"

"பார்க்கலாமுங்க" என்றேன்.

அவருக்கு அதன் அர்த்தம் தெரியாதா? தலையை ஆட்டினார். பஸ் கண்டக்டர் இறங்கி அவருக்கு ஒரு சலாம் வைத்து, என் பெட்டியை மேலே ஏற்றினார். பஸ் நகர்ந்து வெகுதூரம் போகும்வரை ஜன்னல் பக்கத்து ஆசாமி என்னிடம் அட்மிரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினோரு கப்பலாம்.

பினாங்கில் இறங்கி, பம்பைப் பற்றி முதலாளியிடம்கூடப் பேசாமல் நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"கிடைச்சுதா தம்பி?"

"கிடைச்சுது அண்ணி. நல்லாவே குடிச்சாரு. கப்பல்காரர் கண்ணால பார்த்திருக்கார்."

அண்ணி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். "யாரு கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் கப்பலில் வந்த இத்தனை நாளும் தயாராகவில்லை. "யாரும் கொடுக்கலை. அவரே எடுத்துக் குடிச்சார்" என்று வாயில் வந்துவிட்டது.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. பதினான்கு வருஷம் கழித்து அந்த முகத்தில் பார்க்கிறேன், கண்ணில் தண்ணீரோடு ஒரு சிரிப்பு. "அப்படித்தான் செய்வார்! கல்யாண வீட்டுல எல்லார்க்கும் முன்னால பாயசத்தை எடுத்துக் குடிச்ச மனுஷராச்சே!" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

"தம்பி, முறையில்லாம எடுத்ததுக்கு அவரை யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"என்ன அண்ணி நீங்க" என்றேன். "ஒரு வாய் தண்ணிக்குப் போய் யாராவது ஏதாவது சொல்லுவாங்களா?"